மலையகத்தில் குள்ளக் கம்பளி முயல்: முதல் ஜோடியிலிருந்து மூன்று தலைமுறை அட்டை வரை

முதல் ஜோடியை வாங்கியபோது விற்றவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி விலை. பெண் முயலுக்கு உடம்பெல்லாம் பஞ்சு. ஆண் முயலுக்கு வழவழவென்று குட்டை முடி. "இதற்கும் பஞ்சு வரும், வயது இன்னும் ஆகவில்லை" என்றார். நம்பினேன். இலங்கையின் ஹட்டனுக்கு அப்பால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயனுக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் கூடு கட்டி வளர்த்தேன். இரண்டு ஈற்றில் பத்துக் குட்டிகள். ஏழு பிழைத்தன, ஏழுக்கும் தகப்பனைப் போலக் குட்டை முடி. மூன்று பிழைக்கவில்லை. ஏழுக்கும் பஞ்சு ஏன் வரவில்லை, மூன்றும் ஏன் செத்தன என்று விளங்கிக்கொள்ள ஒரு வருடம் போயிற்று. தவறைத் திருத்த இன்னொரு வருடம். அந்த இரண்டு வருடங்களையும் நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொருட்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகையால் ரூபாய்க் கணக்குக்குப் பதிலாக அளவுகளைத் தருகிறேன். உங்கள் டவுனில் அன்றைக்கு என்ன விலையோ அதனால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

1. எந்த முயல் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"குட்டிப் பஞ்சு முயல்" என்று விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. ஜெர்சி வூலி என்பது நெதர்லாந்து ட்வார்ஃப் என்ற குள்ள முயலையும் பிரெஞ்சு அங்கோராவையும் கலந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உருவாக்கப்பட்ட இனம். வளர்ந்த முயலின் எடை மூன்றரை இறாத்தலைத் தாண்டக்கூடாது. அதாவது ஏறத்தாழ 1.6 கிலோ. காது மூன்று அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. உடம்பில் உள்ள கம்பளி இரண்டு முதல் மூன்று அங்குலம் இருக்கும்; முகத்திலும் காதிலும் குட்டை முடி.

லயன்ஹெட் வேறு. பெல்ஜியத்திலிருந்து வந்த இந்த இனத்துக்குக் கழுத்தைச் சுற்றிப் பிடரி மட்டும்தான். உடம்பில் சாதாரண முடி. பிடரி, பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிக்கு வரலாம். அங்கோராப் பஞ்சு அப்படி அல்ல. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் ஏழு குட்டிகளே சாட்சி.

வருமானத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றரைக் கிலோ முயலின் பஞ்சை விற்றுப் பிழைக்க முடியாது. பஞ்சு விற்க வேண்டுமானால் பெரிய அங்கோரா வளருங்கள்.

2. கடதாசி முதலில், முயல் பிறகு

முயலைப் பார்ப்பதற்கு முன் வம்சாவளி அட்டையைக் கேளுங்கள். மூன்று தலைமுறை இருக்க வேண்டும்: பெற்றோர் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர், அவர்களுக்கும் முந்தியவர் எண்மர். ஆக 14 முயல்கள். ஒவ்வொன்றுக்கும் காது இலக்கம், பிறந்த திகதி, நிறம், வளர்ந்த பின் எடை, முடியின் வகை எழுதப்பட்டிருக்க வேண்டும். முழு அட்டை பெரும்பாலும் கிடைக்காது. அப்படியானால் குறைந்தது தாயையும் தகப்பனையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் தராசில் வைத்து எடையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு நாள் பஸ் காசு போனாலும் பரவாயில்லை.

வாங்கும்போது ரசீதில் முயலின் அடையாளத்தையும் பிறந்த திகதியையும் எழுதச் சொல்லுங்கள். "ஒரு ஜோடி முயல்" என்று மட்டும் எழுதிய ரசீது பிற்பாடு எதற்கும் உதவாது. என்னிடம் இருந்தது அப்படிப்பட்ட ரசீதுதான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு: உயிருள்ள பிராணியை இலங்கைக்குக் கொண்டுவரக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் அரச மிருக வைத்தியர் கொடுத்த சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இங்கே தனிமைப்படுத்தலும் உண்டு. அனுமதி கைக்கு வருமுன் யாருக்கும் முற்பணம் கட்டாதீர்கள். புதியவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கொழும்புப் பக்கமிருந்து கொண்டு வருவதானால் இரவிலோ விடியற்காலையிலோ பயணப்படுங்கள். 30 பாகை வெயிலில் மூடிய பெட்டிக்குள் கம்பளி முயல் சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும். பழைய இடத்துத் தீனில் ஒரு வாரத்துக்குப் போதுமானதைக் கேட்டு வாங்கி வந்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

3. இடம், அனுமதி, கூடு

லயனில் இருப்பவர்கள் பலகையை வாங்குவதற்கு முன் தோட்டக் காரியாலயத்துக்குப் போங்கள். நிலம் நம் பெயரில் இல்லை. கூட்டின் நீள அகலத்தையும் இடத்தையும் குறித்து ஒரு கடிதம் கொடுத்து, முகாமையாளரின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கூரை போட்டுவிட்டுப் பிறகு கழற்ற நேர்ந்தால் ஆணி அடித்த தகரம் பாதி விலைக்கும் போகாது.

நமது குளிர் இந்த முயலுக்கு நல்லது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில்கூடக் குளிர் ஒரு தடையல்ல. ஈரம்தான் எதிரி. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மூடுபனி கூட்டுக்குள் புகுந்து பஞ்சில் இறங்கும். இரண்டு நாளில் அடிவயிற்றுப் பஞ்சு கம்பளி விரிப்பைப் போல் இறுகிவிடும். ஆகவே மழை அடிக்கும் பக்கம் முழுப் பலகையாக இருக்கட்டும், எதிர்ப்பக்கம் கம்பி வலை. கூரை முன்னால் இரண்டு அடியாவது நீட்டியிருக்க வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரம்.

ஒரு முயலுக்கு இரண்டடிக்கு இரண்டடி குறைந்தபட்சம்; குட்டி போடும் தாய்க்கு மூன்றடி நீளம். தரைக்கு அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பி வலை போட்டு, படுப்பதற்கு ஒரு பலகைத் துண்டும் வையுங்கள். கோழிக்கூட்டுக்குப் போடும் அறுகோண வலை மலிவு என்று வாங்காதீர்கள். முயலின் பாதம் அறுபடும், நாய் பல்லாலேயே பிய்த்துவிடும். மரநாயும் சும்மா இராது.

இனம் பெருக்கும் எண்ணம் இருந்தால் ஆறு கூடுகள் வேண்டும்: ஆணுக்கு ஒன்று, பெண்களுக்கு இரண்டு, வளரும் குட்டிகளுக்கு மூன்று. என் கணக்கில் முதல் வருடத்தின் மிகப் பெரிய செலவு கூடுதான். மூன்று கூட்டோடு தொடங்கி, வளர்ந்த ஆண் குட்டிகளை ஒன்றாக அடைத்தேன். ஒரே இரவில் ஒன்றன் காது கிழிந்தது.

4. தீனும் உலர்புல்லும்

வளர்ந்த குள்ள முயலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் முயல் தீன் போதும். ஆறு முயலுக்கு மாதம் ஏழு கிலோ சொச்சம். பால் கொடுக்கும் தாய்க்கு இரட்டிப்பு வேண்டும் என்பதால் பத்துக் கிலோவாகக் கணக்கிடுங்கள். பஞ்சு வளரப் புரதம் தேவை. பையில் 16 முதல் 18 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் உயிரைக் காப்பது தீன் அல்ல, புல். முயலால் வாந்தி எடுக்க முடியாது. நக்கும்போது விழுங்கிய பஞ்சு, நார் நிறைந்த புல்லோடு சேர்ந்துதான் குடலைக் கடந்து வெளியேற வேண்டும். புல் குறைந்தால் பஞ்சு உள்ளேயே தங்கிவிடும். புழுக்கை சிறுத்து, முடியில் கோத்த மணிபோல் தொங்கினால் அதுதான் முதல் அறிகுறி. அன்றே தீனை நிறுத்திப் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள்.

கினிப்புல், சிஓ-3 புல் இரண்டும் நல்லவை. உலர்புல்லை நாமே காயவைக்க வேண்டும். இதில் என் அம்மாவின் கணக்கு தப்பியதே இல்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கொழுந்துக்கு வாசனை ஏறும் மாதங்களில்தான் புல்லும் காயும் என்பார். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்த வறண்ட காற்றில் மூன்று நாள் போதும். அறுத்த புல்லை மாலையில் கட்டாயம் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி பட்டுப் பூஞ்சணம் பிடித்த புல்லைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

இரண்டு எச்சரிக்கை. தேயிலை மலையில் அறுக்கும் புல்லில் களைகொல்லி பட்டிருக்கலாம். அடித்த மலை எது என்று கங்காணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிடியும் அறுக்காதீர்கள். மரக்கறித் தோட்டத்தில் சும்மா கிடைக்கும் கோவா இலையிலும் கரட் இலையிலும் மருந்து இருக்கும். தவிரவும், கோவா இலை அதிகமானால் வயிறு ஊதும்.

5. சேர்க்கைக் கணக்கு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுக்கான காரணி, அதாவது பெற்றோரிடமிருந்து குட்டிக்கு வரும் மரபுக்கூறு, இரண்டு பக்கமும் வர வேண்டும் என்றேன். பஞ்சு முயலையும் கலப்பில்லாத குட்டை முடி முயலையும் சேர்த்தால் எல்லாக் குட்டிகளுக்கும் குட்டை முடிதான். ஆனால் ஒவ்வொன்றும் பஞ்சுக் காரணியை உள்ளே மறைத்து வைத்திருக்கும். என் ஆண் முயல் அதை மறைத்து வைத்திருந்தால் குட்டிகளில் பாதிக்குப் பஞ்சு வந்திருக்க வேண்டும். ஏழில் ஒன்றுகூட வராமல் போக 128 தடவைக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. அதாவது, அந்த ஆணிடம் பஞ்சுக் காரணியே இல்லை. "வயது ஆனால் வரும்" என்பது பொய்.

அடுத்தது குள்ளக் காரணி. இது ஒன்று இருந்தால் முயல் குள்ளம். ஒன்றும் இல்லாவிட்டால் சற்றுப் பெரிய உடம்பும் நீண்ட காதும். இரண்டு பக்கமும் வந்துவிட்டால் குட்டி பிழைக்காது. குள்ளத்தையும் குள்ளத்தையும் சேர்த்தால் நான்கில் ஒன்று இப்படிப் பிறக்கும். கூடப் பிறந்த குட்டியின் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள உடம்பு, புடைத்த தலை, பின்னால் தள்ளி ஒட்டிய துளிக் காது, சூம்பிய பின்னங்கால். முதல் தடவை அப்படி ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மருந்து விடும் சொட்டியால் இரண்டு இரவு பால் விட்டேன். மூன்றாம் நாள் விடியும்போது செத்துக் கிடந்தது. அதை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. நம் தவறும் அல்ல. ஆனால் அப்படிப் பிறக்காமல் தடுக்கும் வழி இருக்கிறது.

குள்ள ஆணையும் பெரிய பெண்ணையும் சேருங்கள். பெரிய ஆணைச் சிறிய பெண்ணோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குட்டி பெரிதாகி ஈற்றில் தாய் சாகக்கூடும். என் குட்டை முடி மகன்களில் குள்ளமான ஒன்றை, வேறிடத்தில் வாங்கிய பெரிய அங்கோராப் பெண்ணோடு சேர்த்தேன். கணக்குப்படி பாதிக்குப் பஞ்சு, பாதி குள்ளம். இரண்டும் சேர்ந்தது நான்கில் ஒன்று. சாகப் பிறக்கும் குட்டி இல்லை. பிறந்த ஆறில் மூன்றுக்குப் பஞ்சு, அவற்றில் ஒன்று மட்டும் குள்ளம். அந்த ஒன்றுதான் இன்றைக்கு என் கூட்டின் மூத்த ஆண்.

இதற்கு மாறாக, காரணியை மறைத்து வைத்திருக்கும் இரண்டு குள்ளங்களைச் சேர்த்தால் பஞ்சும் குள்ளமும் சேர்ந்த குட்டி எட்டில் ஒன்றுதான். நான்கில் ஒன்று செத்தும் போகும். சிறிய முயல் ஓர் ஈற்றில் மூன்று நான்குதான் போடும். எத்தனை ஈற்று, எத்தனை மாதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அங்கோரா வழியில் குறை ஒன்று உண்டு: குள்ளக் குட்டியும் முதலில் இரண்டு கிலோவை எட்டும். எடையை இறக்க இன்னும் சில தலைமுறை பொறுக்க வேண்டும்.

பஞ்சு இருந்தும் குள்ளமாக அமையாத பெண் குட்டிகளை விற்றுவிடாதீர்கள். அழகில் குறைவு என்றாலும் நல்ல தாய் அவைதான்.

கால அளவு: மூன்று மாதக் குட்டியாக வாங்கினால் சேர்க்க மூன்று மாதம், சினை ஒரு மாதம், பிள்ளைகள் வளர ஆறு மாதம், மறுபடி சினை ஒரு மாதம், பேரக்குட்டியின் பஞ்சை மதிப்பிட ஆறு மாதம். எதுவும் பிசகாவிட்டால் 17 மாதம்.

6. சினையும் ஈற்றும்

பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டு போங்கள். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் கடிபடும். முன்கூட்டியே பெண்ணின் பின்புறப் பஞ்சைக் கத்தரித்துவிடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். 28ஆம் நாள் 12 அங்குல நீளம், 8 அங்குல அகலத்தில் ஈற்றுப் பெட்டி வையுங்கள்.

தாய் தன் பஞ்சைப் பிடுங்கி மெத்தை போடும். சாதாரண முயலுக்கு இது நல்லது. கம்பளி முயலின் நீண்ட இழையோ குட்டியின் கழுத்திலும் காலிலும் நூலைப் போல் சுற்றி இறுக்கும். பெட்டியில் உள்ள பஞ்சை வெளியே எடுத்து, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கித் திரும்ப வையுங்கள். பத்து நிமிட வேலை.

தாய் ஒரு நாளில் ஓரிரு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். "தாய் கிட்டேயே போவதில்லை" என்று பயந்து புட்டிப்பால் கொடுக்கத் தொடங்காதீர்கள். காலையில் குட்டியின் வயிறு உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது. பெட்டிக்கு வெளியே விழுந்து குளிர்ந்து விறைத்த குட்டியை உடனே செத்ததென்று எறியாதீர்கள். உடம்புச் சூட்டில் வைத்துச் சூடேற்றிப் பாருங்கள். ஜனவரி இரவில் இரண்டு குட்டிகளை அப்படி மீட்டிருக்கிறேன்.

7. பஞ்சைப் பார்ப்பது

இரண்டு மாதத்தில் முடிவெடுக்காதீர்கள். குட்டிப் பஞ்சு மிருதுவாக, எளிதில் சிக்குப் பிடிப்பதாக இருக்கும். ஆறு மாதம் ஆன பிறகே சற்று முரடான மேல்முடி வந்து அடிப்பஞ்சைத் தூக்கி நிறுத்தும். ஜெர்சி வூலியின் சிறப்பே மேல்முடி கூடுதலாக இருப்பதுதான். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை சீவினால் போதும். வாயால் ஊதிப் பாருங்கள். பஞ்சு பூப்போல் விரிந்து தோல் தெரிந்தால் நல்லது. காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் முதலில் முடிச்சு விழும். குளிப்பாட்டாதீர்கள், காயாது. முடிச்சைக் கத்தரிக்கும்போது தோலைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். முயலின் தோல் கடதாசி போன்றது.

8. மருந்து

மிருக வைத்தியரின் அட்டை ஒன்றை முதல் மாதமே எடுத்து வையுங்கள். சிக்கலான நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கரைத்து ஒருபோதும் வாயில் ஊற்றாதீர்கள். முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கழிந்தே சாகும். நாய்க்குத் தெள்ளுக்காக விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு நஞ்சு.

9. கொப்பி, காது இலக்கம், அங்கீகாரம்

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் வழமைப்படி இடது காதில் பச்சை குத்திய இலக்கம் இருக்க வேண்டும். பிரித்தானிய முயல் பேரவை காலில் வளையம் போடுகிறது. கம்பளி முயலுக்குப் பச்சைதான் நல்லது. வளையத்தில் பஞ்சு சுற்றும். கருவி கிடைக்கும்வரை அழியாத மையால் எழுதி வாரந்தோறும் புதுப்பியுங்கள். ஒரே நிறத்தில் நான்கு குட்டிகள் பிறந்தால் இரண்டு வாரத்தில் எது எதுவென்று தெரியாமல் போகும்.

அமெரிக்கச் சங்கத்தில் ஒரு முயலைப் பதிவு செய்ய மூன்று தலைமுறை அட்டையும் ஆறு மாத வயதும் வேண்டும். உரிமம் பெற்ற பதிவாளர் முயலை நேரில் பரிசோதிக்க வேண்டும். ஹட்டனிலிருந்து படம் அனுப்பிச் சான்றிதழ் பெற முடியாது. பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். புது இனம் ஒன்றுக்கு அங்கீகாரம் வேண்டுமானால் எழுதிய தரக்குறிப்போடு வருடாந்த மாநாட்டில் மூன்று தடவை முயல்களைக் காட்டித் தேற வேண்டும். ஜெர்சி வூலி 1984இல் முதலில் காட்டப்பட்டு 1988இல்தான் ஏற்கப்பட்டது. லயன்ஹெட்டைப் பிரித்தானியா 2002இல் ஏற்றது, அமெரிக்கா 2014இல்.

நமக்குக் கைக்கு எட்டுவது அந்த அங்கீகாரத்தின் அடித்தளம்: கொப்பி. ஒவ்வோர் ஈற்றுக்கும் ஒரு பக்கம். சேர்த்த திகதி, ஈன்ற திகதி, எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, எதற்குப் பஞ்சு, எட்டாம் வாரத்திலும் ஆறாம் மாதத்திலும் எடை. செத்தவற்றை எழுதாமல் விடாதீர்கள். என் மூன்று குட்டிகளையும் முதலில் வெட்கத்தால் எழுதவில்லை. எழுதியிருந்தால் காரணம் அப்போதே பிடிபட்டிருக்கும்.

அட்டையில் ஆவணமுள்ள முன்னோர் இல்லாத முயலை "ஜெர்சி வூலி" என்று விற்காதீர்கள். "குள்ள அங்கோராக் கலப்பு" என்று எழுதுங்கள். வாங்குபவர் அந்தச் சொல்லை நம்பித்தான் தன் சேர்க்கைக் கணக்கைப் போடப்போகிறார்.

10. கையளிப்பது

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் நாளில் அட்டையின் பிரதி, ஒரு வாரத் தீன், ஒரு கட்டு உலர்புல் மூன்றும் கூடவே போகட்டும். காது இலக்கத்தை வாங்குபவரைக்கொண்டே வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, அட்டையோடு ஒப்பிட்ட பிறகு பெட்டியை மூடுங்கள். ஆறு மாதம் கழித்து எடையைச் சொல்ல மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எடையை எழுதக் கொப்பியில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.